மனச்சோர்வுக்கு நடன தெரபி: தனியாக ஆடினால் போதாதா?

கேள்வி (ஒரு வாசகர்): மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் டான்ஸ் தெரபிக்குப் போ, போ என்று விடாமல் சொல்கிறார். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டைப் போட்டு ஆடினால் அதே பலன் வராதா? இதற்கென்று காசு கொடுத்து ஓர் ஆளிடம் போக வேண்டுமா? போதாக்குறைக்கு எனக்கு ஆடவும் வராது.

பிப்ரவரி 4

கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவது நல்லதுதான், தாராளமாக ஆடுங்கள். ஆனால் அது தெரபி ஆகாது. தெரபியில் நீங்கள் அசைகிறீர்கள், அதைப் பார்த்து இன்னொருவர் அசைவாலேயே பதில் சொல்கிறார், அந்தப் பதிலுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கவனிக்கிறார். வேலை நடப்பது அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். பூட்டிய அறையில் பதில் சொல்ல ஆள் கிடையாது.

நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வந்த காலத்தில், மாத்திரை கவுன்சலிங் இரண்டோடும் கூட, ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் நடந்த குழுவில் சில மாதங்கள் இருந்தவள். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு ஆர்வத்தில் தேடித் தேடிப் படித்தது.

முதல் நாள் யாரும் ஆடவே இல்லை. நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு எதிரே இருந்தவர் அதுகூடச் செய்யவில்லை. தலை குனிந்திருந்தது, கைகள் மடியில். வலது ஆள்காட்டி விரல் மட்டும் பேண்ட்டின் தையலைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. தெரபிஸ்ட் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தன் முழங்காலில் அதே விரலால், அதே வேகத்தில் சுரண்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் பார்த்துச் செய்தார், அடுத்தவர் செய்தார், கொஞ்ச நேரத்தில் வட்டம் முழுக்க முழங்காலைச் சுரண்டுகிற சத்தம். அந்த மனிதர் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சுரண்டலை நிறுத்தி இரண்டு தட்டு தட்டினார். நாங்களும் தட்டினோம். அன்றைக்கு நடந்த பெரிய சம்பவமே அதுதான்.

பிப்ரவரி 4, இரவு

"ஆட வராது" என்பதற்குத் தனியாகப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்று சொல்ல வேண்டிய அவசியமே இங்கே இல்லை. கூடம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 5

இதெல்லாம் இப்போது கிளம்பிய ஃபேஷன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1942இல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனையில் தொடங்கியது ஐயா. மேரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், அதற்கு முன் நடனப் பள்ளி நடத்தியவர். தன்னிடம் வருகிறவர்களில் பலர் மேடை ஏற ஆசைப்பட்டு வரவில்லை, வேறு எதற்கோ வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறார். போர்க்காலம் அது. மனம் உடைந்த ராணுவ வீரர்கள் வார்டுகளில் நிறைந்திருந்தார்கள். மனச்சிதைவுக்கான முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் 1950களில்தான் வந்தது. அதற்கு முன்னால், பேச்சே நின்றுபோன ஒருவரிடம் எதை வைத்துப் பேசுவது? சேஸ் அவர்களுடைய அசைவை வைத்துப் பேசினார். நான் மேலே எழுதிய விரல் சுரண்டல் விவகாரம் அவர் போட்ட பாதைதான். நோயாளியின் அசைவைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பது.

நகல் எடுப்பது வேறு, வாங்கிக்கொள்வது வேறு. நகல் எடுத்தால் கிண்டல் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும், அடி விழும். எங்கள் தெரபிஸ்ட் விரலை அப்படியே காப்பியடிக்கவில்லை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. வேகத்தையும் அழுத்தத்தையும் எடுத்துக்கொண்டார், முகத்தையும் குனிந்த தலையையும் எடுக்கவில்லை. 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தொடங்கியபோது சேஸ்தான் முதல் தலைவர். எண்பது வருடப் பழசு, ஃபேஷன் கணக்கில் வராது.

பிப்ரவரி 7

இன்னொருவர் நான் பரவாயில்லாமல் ஆடுவேன், எனக்கு இது சுலபமாக இருக்குமே என்கிறார். நேர் எதிராகவும் போகலாம். நான் சின்ன வயதில் பல வருடம் மேடை நடனம் கற்றவள். குழுவில் "இன்றைக்கு மனசில் இருப்பதைக் கையால் காட்டுங்கள்" என்று சொன்னதும் மற்றவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள், நான் அழகாகக் காட்டிவிடுவேன். சோகம் வேண்டுமா, இந்தா சோகம். புருவம் தானாக ஏறும், கழுத்து தானாகச் சாயும், கை வந்து சரியான இடத்தில் நிற்கும். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கு உள்ளே ஒன்றும் நடக்காது. பயிற்சி பெற்ற உடம்பு பொய் சொல்வதில் கெட்டிக்காரி.

தெரபிஸ்ட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் பிசிறில்லாமல் செய்கிறீர்கள். இடது கையை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, யார் கண்ணுக்கும் நன்றாக இல்லாதபடி ஒன்று செய்யுங்கள்" என்றார். பல நிமிடம் நின்றேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் தோள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, அசிங்கமாக. அதிலிருந்துதான் எனக்கு வேலை ஆரம்பித்தது. அதனால் மேடைப் பயிற்சி உள்ளவர்கள் ஜாக்கிரதை, குழுவிலேயே அதிக நேரம் பிடிப்பது நீங்களாக இருக்கலாம்.

பிப்ரவரி 8

"மாத்திரையைவிட நடனம் மேல், ஆராய்ச்சி சொல்கிறது" என்று வாட்ஸாப்பில் சுற்றுகிற படத்தை ஒருவர் இங்கே ஒட்டியிருக்கிறார். அதன் மூலம் 2024இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு. மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி பற்றி 218 ஆய்வுகள், 14,170 பேர். அதில் நடனத்துக்குப் பெரிய பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அந்த 14,170 பேரில் நடனப் பிரிவில் இருந்தவர்கள் 107 பேர், ஆய்வுகள் ஐந்தே ஐந்து. படம் போட்டவர் அந்த வரியைச் சௌகரியமாக விட்டுவிட்டார். நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி இவற்றுக்கான ஆதாரம் அதே ஆய்வில் இதைவிட அகலமானது.

நடனம் என்று பொதுவாகச் சொல்லாமல், தெரபிஸ்ட் நடத்துகிற சிகிச்சையை மட்டும், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற காக்ரேன் குழு 2015இல் பார்த்தது. மனச்சோர்வுக்கு அவர்கள் கணக்கில் தேறியவை மூன்று ஆய்வுகள், மொத்தம் 147 பேர். வேலை செய்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இது போதாது என்று முடித்தார்கள். இதில் ஒரு நிரந்தரத் தொல்லையும் உண்டு. மாத்திரை ஆய்வில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஆளை ஏமாற்றலாம். ஆடுகிறவருக்குத் தான் ஆடுவது தெரியாமல் எப்படி வைப்பது?

எனக்குப் பிடித்தது 2007இல் ஜெர்மனியில் சபீனே கோக்கும் சகாக்களும் செய்த சின்ன ஆய்வு. மருத்துவமனையில் இருந்த 31 மனச்சோர்வு நோயாளிகள், மூன்று பிரிவு. ஒரு பிரிவு துள்ளலான வட்ட நடனம் ஆடியது, இன்னொன்று அதே பாட்டை உட்கார்ந்து கேட்டது, மூன்றாவது பாட்டில்லாமல் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தது. ஆடிய பிரிவில் சோர்வு அதிகமாகக் குறைந்தது. ஒரே ஒரு தடவை ஆடிய உடனே எடுத்த அளவு, ஒரு மாதம் கழித்து என்ன ஆனது என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆனாலும் கேள்வியைச் சரியாகப் பிரித்துக் கேட்டார்கள். பாட்டா, வியர்வையா, ஆட்டமா?

இதை வைத்து யாராவது மாத்திரையை நிறுத்தினால் அந்தப் படத்தைப் போட்டவரைத்தான் திட்டுவேன்.

பிப்ரவரி 9

பகடி செய்கிறவர்களுக்கு நானே சரக்கு தருகிறேன். 1518, இன்றைய பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரம். ஜூலை மாதம் ஒரு பெண் தெருவில் ஆட ஆரம்பித்தாள், நிற்கவில்லை. நாளாக ஆகக் கூட்டம் சேர்ந்து ஆடியது. நகர நிர்வாகம் வைத்தியர்களைக் கேட்டது. ரத்தம் சூடேறிவிட்டது, ஆடித் தீர்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். உடனே மண்டபங்களை ஒழித்துக் கொடுத்து, மேளதாளத்துக்கு ஆள் அமர்த்தி, கூட ஆடுவதற்கும் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். நோய் இன்னும் பரவியது. அப்புறம் நடனத்துக்கே தடை போட்டார்கள். நடனத்தை மருந்தாக எழுதிக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட முதல் மாநகராட்சி அதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 11

தனியாகவா, சேர்ந்தா என்ற பழைய கேள்விக்கு வருகிறேன், இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசிலில் பள்ளி மாணவர்களை வைத்து 2015இல் வெளியிட்டது. சிலர் மூச்சு வாங்க ஆடினார்கள், சிலர் உட்கார்ந்த இடத்தில் கையை மட்டும் அசைத்தார்கள். இரண்டிலும் ஒரு பாதி ஒரே தாளத்தில் ஒரே அசைவு, மறுபாதி ஆளுக்கொரு பக்கம். முன்னும் பின்னும் வலி தாங்கும் அளவை எடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி எவ்வளவு இறுக்கும்வரை பொறுக்கிறார்கள் என்று பார்த்து. வலியைக் குறைக்க உடம்பே சுரக்கிற எண்டார்ஃபின் ஊறியதா என்பதை மறைமுகமாக அளக்கும் வழி இது. மூச்சு வாங்கினால் அளவு கூடியது. சேர்ந்து அசைந்தால் அதற்குத் தனியாகவும் கூடியது. கையை மட்டும் அசைத்தவர்களுக்கும்கூட.

ஆக, பூட்டிய அறையில் உங்களுக்கு வியர்வையின் பங்கு கிடைக்கும். சேர்ந்து அசைவதன் பங்கு கிடைக்காது. அவர்கள் எல்லாம் நோயில்லாத மாணவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 12

பதற்றம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமான பாட்டு, நாலு சுற்று ஆடினோம், நெஞ்சு படபட என்று அடிக்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது, கை வியர்க்கிறது. உடற்பயிற்சியில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் பானிக் அட்டாக் வந்து பழகிய ஆளுக்கு அடுத்தது வந்துவிட்டது என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். தெரபிஸ்ட் வந்து, உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றெல்லாம் சொல்லாமல், எனக்குப் பக்கத்தில் நின்று என்னுடைய வேகத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தார். என் கால் அவரோடு போனது, மூச்சு காலோடு போனது. படபடப்பு ஏறும், தானாக இறங்கும், ஏறியதால் செத்துவிட மாட்டேன் என்பதை உடம்பு அன்றைக்குப் பார்த்தது. புத்திக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் அதைக் கேட்கிற நிலையில் உடம்பு இருந்ததில்லை. பானிக்குக்கான பேச்சு சிகிச்சையிலும் வேண்டுமென்றே மாடிப்படி ஏறவைத்து இதே உணர்ச்சிகளைப் பழக்குவார்கள். ஆட்டத்தில் அது பாட்டோடு வருகிறது.

பிப்ரவரி 15

பொதுவாகச் சொல்கிறேனே தவிர அங்கே என்னதான் செய்வீர்கள் என்று சொல்லவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயம்தான்.

ருடால்ஃப் லாபான் என்று ஒருவர், அசைவை எழுத்தாகக் குறித்துவைக்கும் முறையை உருவாக்கியவர். எந்த அசைவையும் நாலு கோணத்தில் பார்க்கலாம் என்றார்: எடை, இடம், நேரம், ஓட்டம். அழுத்தமா லேசா, நேராகவா சுற்றியா, சட்டென்றா நிதானமாகவா, அடக்கியா விட்டா. நடன தெரபிஸ்டுகள் பலர் ஆளை இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். மனச்சோர்வில் பெரும்பாலும் அடிபடுவது எடை. உடம்பு கனக்கிறது, ஆனால் அந்தக் கனத்தை வைத்து எதையும் செய்ய முடியாது, கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். கட்டிலை விட்டு எழ முடியாதவர்களுக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் ஒரு பெரிய எலாஸ்டிக் துணி வளையம் இருந்தது, பத்துப் பேர் பிடிக்கிற அளவு. எல்லோரும் உள்ளே நின்று, வளையத்தை முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். ஒருவர் பயந்து முன்னால் வந்தால் எதிரே இருப்பவர் தடுமாறுவார். அதனால் உங்கள் கனம் அங்கே தேவைப்படுகிறது. வாரக்கணக்கில் வீட்டுக்குப் பாரம் என்று நினைத்துக் கிடந்த எனக்கு, "இன்னும் கொஞ்சம் சாயுங்கள், இந்தப் பக்கம் கனம் போதவில்லை" என்று எதிரே இருந்தவர் சொன்னது சிரிப்பாக இருந்தது. பிறகு பாத்ரூமில் போய் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபம் வந்த நாட்களில் சுவரைத் தள்ளினோம். உள்ளங்கை சுவரில், ஒரு கால் பின்னால், வயிற்றிலிருந்து தள்ள வேண்டும். தோளால் தள்ளினால் தோள்தான் வலிக்கும்.

சிரிக்கவும் செய்தோம். ட்ரூடி ஷூப் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் மேடையில் கோமாளித்தன நடனத்தில் பேர் வாங்கிவிட்டு, பிறகு அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் நடன சிகிச்சை செய்தவர். அந்த வழியில், கவலையோடு நடப்பதை மிகைப்படுத்தி நடக்கச் சொல்வார்கள். இன்னும் குனிந்து, இன்னும் இழுத்து. அறை முழுக்க இழவு வீட்டு ஊர்வலம் மாதிரி ஆனதும் யாராவது ஒருவர் வெடித்துச் சிரித்துவிடுவார்.

பிப்ரவரி 16

எல்லோருக்கும் எல்லாமும் பொருந்தாது. மேரி வைட்ஹவுஸ் 1950களில் தொடங்கிய முறை ஒன்று இருக்கிறது, கண்ணை மூடி உள்ளிருந்து வரும் அசைவுக்காகக் காத்திருப்பது, ஒருவர் சாட்சியாக இருந்து பார்ப்பது. சிலருக்கு அற்புதமாக இருக்கும். ஆனால் வன்முறைக்கு ஆளானவருக்கு, யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடுவதே பழைய பயத்தைக் கிளப்பலாம். காதில் குரல் கேட்கிற தீவிர நிலையில் இருப்பவரைக் கண்ணை மூடி உள்ளே போ என்பதும் சரியில்லை. மேனியா என்கிற நோயில் உற்சாகம் கட்டுமீறி ஏறிக்கொண்டிருப்பவருக்கு வேகமான பாட்டு எரிகிற அடுப்பில் எண்ணெய். சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர் கலோரி கரைக்கிற வழியாக இதைப் பிடித்துக்கொள்ளலாம். தொடுவதற்கு முன் கேட்காத தெரபிஸ்டிடம் அடுத்த வாரம் போகாதீர்கள்.

பிப்ரவரி 18

அம்மாவுக்கு மறதி வராமலிருக்க நடனம் உதவுமா என்று கேட்டவருக்கு: 2003இல் நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே டிமென்ஷியா குறைவோடு சேர்ந்து வந்தது என்றது. நடனத்தால் மறதி வரவில்லையா, மறதி வராதவர்கள்தான் நடனத்தைத் தொடர்ந்தார்களா, இந்த வகை ஆய்வால் பிரிக்க முடியாது. அம்மாவுக்குப் பிடித்தால் ஆடட்டும். கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20

"தெரபிஸ்டே கிடைக்காத இடத்தில் இருக்கிறேன், அது தெரபி ஆகாது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறீர்களே" என்று ஒருவர். முதல் குறிப்பில் கறாராகத்தான் எழுதினேன், மாற்றப் போவதில்லை, ஆனால் கூட ஒன்று சொல்ல வேண்டும். தெரபிஸ்ட் இல்லாவிட்டால் இன்னொரு மனிதராவது இருக்கட்டும். அக்காவோ நண்பரோ, எதிரே நிற்கட்டும், ஒரு பாட்டு முழுக்க நீங்கள் செய்வதை அவர் செய்யட்டும், அடுத்த பாட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்லக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, "இன்னும் நன்றாக ஆடு" என்று கண்டிப்பாகச் சொல்லக் கூடாது. எழவே முடியாத நாளில் படுத்தபடி பாதத்தை அசைத்தால் போதும். இது மருத்துவத்துக்கு மாற்று இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பாட்டை அணைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தெரபிஸ்ட் கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் மூன்றைக் கேளுங்கள். நடனப் பயிற்சி போக மனநலப் பயிற்சி எங்கே, எவ்வளவு காலம்? உங்களை மேற்பார்வை பார்ப்பவர் யார்? என் டாக்டரோடு பேசுவீர்களா? அமெரிக்காவில் இதற்கு முதுகலை அளவுப் படிப்பும் மேற்பார்வையில் செய்யும் பயிற்சியும் கேட்கிறார்கள். வார இறுதிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டியவரும் தன்னைத் தெரபிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

பிப்ரவரி 21

பாட்டுக்கு ஆடிச் செய்கிற உடற்பயிற்சியான ஜும்பாவும் தெரபிதானா, அதற்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: இல்லை, ஜும்பா வகுப்பு தெரபி இல்லை. ஆமாம், போகலாம்.

பிப்ரவரி 24

முதல் கேள்வி கேட்டவர் ஒரு குழுவுக்குப் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். ஒன்றும் தோன்றவில்லை, வெட்கமாக இருந்தது, பாதி நேரம் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான். வெட்கம் போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதையே தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், வெட்கத்தோடு எப்படி நிற்கிறீர்கள் என்பதிலிருந்தே தொடங்குவார். சில தடவை போயும் எரிச்சலாகவே இருந்தால் விட்டுவிடுங்கள். நடப்பது பிடித்தால் நடங்கள். இதுதான் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கவில்லை.

அவர் கேட்ட இன்னொன்று முக்கியம், மாத்திரை விவரத்தைத் தெரபிஸ்டிடம் சொல்ல வேண்டுமா என்று. கட்டாயம் சொல்லுங்கள். மனநல மருந்துகள் சிலவற்றில், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தரையில் படுத்துச் செய்யும் அசைவிலிருந்து ஒரே மூச்சில் எழாதீர்கள், முதலில் உட்காருங்கள். இன்னும் சில மருந்துகள் காலைச் சும்மா வைத்திருக்க விடாத ஒரு தவிப்பைக் கொண்டுவரும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டே இருந்தார், உட்கார்ந்தால் எழுந்தார். வட்டத்தில் சிலர் வழக்கம்போல அவரைப் பார்த்துக் கால் மாற்ற ஆரம்பித்தோம். தெரபிஸ்ட் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். அவரிடம் போய், இது எப்போது தொடங்கியது, மருந்து எப்போது மாற்றினார்கள் என்று மெதுவாகக் கேட்டார், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க அனுப்பினார். மருந்தின் அளவைக் குறைத்ததும் அடங்கிவிட்டது. புது மாத்திரை தொடங்கிய பின் உங்களுக்கும் இப்படி வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், போன் பண்ணுங்கள்.